தெற்கு கேலரியில் பாட்டை எழுப்புகிறவள்

"நம்ம டீம் பாட்டுல எதுக்கு நண்டு வருது?"

நிடியாவின் கடைக்குட்டி மைலின் இப்படிக் கேட்டபோது எதெல்மிராவின் வாயில் முட்டை வைத்துப் பொரித்த சூடான சோளமாவு அரேப்பா இருந்தது. பதில் சொல்ல முடியாமல் கையை விசிறிக்கொண்டாள். கால்பந்து மைதானத்துச் சுவரை ஒட்டிப் போட்ட அடுப்பில் அடுத்ததைப் பொரித்துக்கொண்டிருந்த நிடியாதான் முந்திக்கொண்டாள்.

"நண்டு இல்லடி, கிறுக்கு நண்டு. எல்லாம் உன் நீஞா எதெல் பண்ணின கூத்து. அவளையே கேளு."

எதெல்மிராவுக்கு ஐம்பது கடந்துவிட்டது. ஆனால் கடற்கரை நகரமான கார்த்தஹேனாவில் ஒரு பெண்ணுக்கு எத்தனை வயதானாலும், மரியாதை கொடுக்க நினைக்கிறவர்கள் 'நீஞா', அதாவது சிறுமி, என்றுதான் அழைப்பார்கள். போசோ அஸுல் பேட்டையில் அவளை அப்படி அழைக்காதவர்கள் இரண்டே வகை: போலீஸ்காரர்கள், கடன் கொடுத்தவர்கள்.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப, பிக்கோ இல்லாம இங்க ஒரு ஞானஸ்நானம்கூட நடக்காது" என்று ஆரம்பித்தாள். "வீடு உசரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிய அடுக்கி, முன்னாடி படம் வரஞ்சு, அதுக்கு ஒரு பேரு வெப்பாங்க. ஒரு பிக்கோ காசு போட்டுப் பதிஞ்ச பாட்ட இன்னொருத்தன் திருடிப் போட்டுருவான்ல? அதனால பாட்டுக்கு நடுவுலயே பிக்கோ பேரைக் கத்தி வெச்சிருவாங்க. நான் டீமுக்காகப் பாடின சம்பேத்தா ஆட்டப்பாட்டைப் பதிஞ்சு குடுத்தது 'கிறுக்கு நண்டு'ங்கற பிக்கோ. மூணு எடத்துல ஒருத்தன் கத்துவான் பாரு, அது அந்த விளம்பரம்தான்."

"அப்ப அது தப்பா உள்ள வந்ததா?"

"தப்பா வந்தது அப்படியே தங்கிப்போச்சு. உங்கப்பன் மாதிரி" என்றாள் நிடியா.

அந்த பிக்கோ போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. பெட்டிகளைக் கரையான் தின்றது. ஆனால் தெற்கு கேலரியில் அந்த இடம் வந்தால் இன்றைக்கும் ஆயிரம் பேர் கைகளை இடுக்கிபோல் உயர்த்தி "கிறுக்கு நண்டு!" என்று அலறுவார்கள். வெளியூர் அணிகள் அது முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவனின் பட்டப்பெயர் என்று நினைத்து, அவனை மறிக்க ஆள் போட்டதாகக்கூட ஒரு கதை உண்டு.

அந்த கேலரிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. பாட்டைத் தொடங்குவதை அங்கே 'எழுப்புவது' என்பார்கள். அணிக்கு ஒரு நேரத்தில் ஒரே பாட்டுதான், அதுவும் அதைத் தந்தவர் எழுப்பினால்தான் எழும். வேறு யாராவது வாயைத் திறந்தால் பக்கத்திலிருப்பவர்கள் "உஷ்" என்பார்கள். எதெல்மிரா எழுந்து நின்று கழுத்துத் துணியை உருவி உயர்த்தியதும்தான் கொட்டு முழங்கும். கடவுள் சிலருக்கு நிலம் கொடுக்கிறார், சிலருக்குப் பிள்ளைகளைக் கொடுக்கிறார். கடற்கரையில் பழம் விற்றுப் பிழைத்த எதெல்மிராவுக்கு அவர் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த ஒரு நொடி.

அந்த நொடிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

அணியை மலைநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. அதன் ஆளாக வந்திறங்கியவர் உமாஞா. கோட்டு போட்டவர் எல்லாருமே அந்த நாட்டில் 'தோக்தோர்', அதாவது டாக்டர்தான். கார்த்தஹேனா வெயிலிலும் அவர் கோட்டைக் கழற்றவில்லை என்பதால் பேட்டை அவரைச் சந்தேகமில்லாமல் தோக்தோர் ஆக்கிவிட்டது. அந்த வாரம் அவர் எதெல்மிராவை அலுவலகத்துக்கு அழைத்தார். உள்ளே ஏசி குளிரில் அவள் பழக்கூடையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.

"உக்காருங்க, சேஞோரா. முதல்ல ஒரு சந்தேகம். இந்த நண்டு யாரு? சம்பளப் பட்டியல் முழுக்கத் தேடிட்டேன்."

"அவன் சம்பளமே வாங்காத ஆளு, தோக்தோர். அதான் இவ்வளவு நாளா டீம்ல இருக்கான்."

உமாஞா சிரித்தார். கெட்டவர் இல்லை. தான் வாங்கிய பொருளைத் துடைத்து வைக்க நினைக்கிற சாதாரண மனிதர். அவர் சொன்னது இதுதான்: உங்கள் பாட்டையே வைத்துக்கொள்ளலாம். நண்டை மட்டும் எடுத்துவிட வேண்டும். ரெகெத்தோன் தாளம் போடலாம், இப்போது ஊரெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். குரல் மெதெயின் நகரத்துக்காரர் ஒருவருடையது, பெரிய பெயர். உங்கள் பெயர் கீழே சின்னதாக வரும்.

எதெல்மிரா உட்காராமலே சொன்னாள்.

"தோக்தோர், மீனை வாங்கினா செதில எடுக்கலாம், குடல எடுக்கலாம். நீங்க மீனையே எடுத்துட்டு வாசனைய மட்டும் வெச்சுக்கறேங்கறீங்க."

"அப்ப வேணாமா?"

"வேணாம். நண்டும் இருக்கும், நானும் இருப்பேன், தாளமும் எங்க தாளமா இருக்கும். இல்லைன்னா நீங்க வேற பாட்டு தேடிக்கோங்க. கேலரி எதைப் பாடுதுன்னு பாப்போம்."

"பாக்கலாம்" என்றார் உமாஞா. அவருக்கும் சூடேறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை ஸ்பீக்கர்ல எங்க பாட்டுதான் ஓடும். புதுசா வாங்கியிருக்கோம், மைதானத்தச் சுத்தி. கொட்டு, மணி எதுவும் இனிமே உள்ள வரக் கூடாது. பாதுகாப்பு விதி."

அவள் கூடையைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். கையால் பிடிக்காமலே அந்தச் சுமை நேராக நின்றது. "பாதுகாப்பு யாருக்கு, தோக்தோர்? உங்க பாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் யுலெய்சி நின்றிருந்தாள். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சடை பின்னிவிடுகிற பெண். இருபத்துச் சொச்சம் வயது, விரல் நுனிகளில் எப்போதும் கற்றாழைப் பிசின். கைபேசியிலேயே தாளம் போட்டுப் பாட்டுக் கட்டுவாள். அணிக்காக அவளும் ஒன்று கட்டியிருந்தாள். கேலரி இளசுகள் எல்லாருடைய கைபேசியிலும் அது இருந்தது, ஆனால் கேலரியில் ஒரு முறைகூட எழுந்ததில்லை.

"நீஞா எதெல், ஞாயித்துக்கிழமை கொட்டு இல்லையாமே. என் பாட்டுக்குக் கொட்டே வேணாம். கைதட்டும் காலும் போதும். ஒரே ஒரு தடவ எழுப்பிக்கறேன். நீங்க சரின்னு சொன்னா போதும், எல்லாரும் கேப்பாங்க."

எதெல்மிரா அப்போதுதான் ஒருவரிடம் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்தச் சொல் வாயிலேயே சூடாக இருந்தது.

"அது பாட்டாடி? தையல் மெஷின் கிணத்துல விழுந்த மாதிரி இருக்கு. போ, போய்ச் சடை பின்னு."

யுலெய்சியின் முகம் சுண்டியது. ஆனாலும் அவள் போசோ அஸுல் பெண். "உங்க பாட்டையும் அந்தக் காலத்துல என்னமோ சொன்னாங்களாமே, நீஞா. ஆட்டுக்குட்டிய பூதம் புடிச்ச மாதிரின்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நடந்ததைக் கேட்டதும் நிடியா கரண்டியைக் கீழே வைத்தாள். கோமாத்ரே முறை அவளுக்கு. எதெல்மிராவின் மகனுக்கு ஞானத்தாய். சொல்ல உரிமை உண்டு.

"தோக்தோர்கிட்ட நீ பேசினது நியாயம். அந்தப் பொண்ணுகிட்டப் பேசினது என்ன? உனக்கு அன்னைக்கு யாரு கொட்டு அடிச்சா, மறந்துட்டியா?"

மறக்கக்கூடியதா அது?

எதெல்மிரா இளவயதில் இருந்தபோது அணியின் பாட்டு போர்ரோ என்கிற பழைய ஆட்டப்பாட்டு. தோன் அர்செலியோ கட்டியது. அவருடைய பித்தளை வாத்தியக் குழுதான் கேலரியின் உச்சியில் உட்கார்ந்து அதை வாசிக்கும். அவர் ட்ரம்பெட்டை உயர்த்தினால் எழும், இறக்கினால் அடங்கும். நடுவில் ஒரு பியர் கம்பெனி அக்கார்டியன் பாட்டு ஒன்றைத் தந்து பார்த்தது. நுரை அடங்கியதும் அதுவும் அடங்கிவிட்டது. பிறகுதான் இவள் தன் சம்பேத்தாவோடு வந்தாள். சம்பேத்தா என்றால் கத்திக்குத்து என்று நினைத்த காலம். நிர்வாகிகள் முகம் சுளித்தார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் கண்டித்தார், அவளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு கேலரியில் ஏறி நின்று, மைக் இல்லாமல், வெறும் குரலில் தொடங்கினாள்:

"சேத்துல பொறந்தோம், சேத்துல ஆடுவோம்,
அலை வந்து அடிச்சாலும் அங்கயே நிப்போம்..."

சிரித்தார்கள். யாரோ ஆரஞ்சுத் தோலை எறிந்தான். குரல் நடுங்கி இறங்கப் போன நேரத்தில், மேலே கொடிகளுக்குப் பின்னாலிருந்து வாத்தியக் குழுவின் பெரிய கொட்டு அதிர்ந்தது. போர்ரோ தாளம் இல்லை, அவளுடைய தாளம். கொட்டே ஏற்றுக்கொண்ட பிறகு கேலரி என்ன செய்யும்? கால்கள் ஆடின. அன்றோடு போர்ரோ முடிந்தது.

கொட்டு வாசிப்பவன் ஃபிலெமோன். ஆகவே எதெல்மிரா ஒவ்வொரு புனித வாரத்திலும் ஃபிலெமோன் வீட்டுக்கு ஒரு பானை மீன் சூப் அனுப்பிவந்தாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவந்தான். தோன் அர்செலியோ இறந்து, அவர் வீட்டு வாசலில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அன்றுதான், நாலு வாய் சாராயம் உள்ளே போனதும் ஃபிலெமோன் அழத் தொடங்கினான்.

"அன்னைக்கு நான் மைதானத்துக்கே வரல, நீஞா. வயித்தால போச்சு. அடிச்சது அந்தப் புண்ணியவான்தான். ட்ரம்பெட்ட உறையில போட்டுட்டு, கொடிக்குப் பின்னால போயி மறைஞ்சு உக்காந்து அடிச்சாராம். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

"அப்புறம் ஏண்டா இத்தன வருஷமா என் சூப்பைக் குடிச்ச?"

"நல்லா இருந்துச்சே!"

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் இருவரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். தன் பாட்டுக்குத் தானே குழிவெட்டிக் கொடுத்த மனிதர் அங்கே கைகளை மார்பில் கட்டிப் படுத்திருந்தார். எதெல்மிரா அவருக்காகப் பூசை வைத்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. உயிரோடிருப்பவருக்கென்றால் ஒரு பானை சூப்பாவது அனுப்பலாம். போய்விட்டவருடைய நன்மையை எந்தக் கதவைத் தட்டித் திருப்பிக் கொடுப்பது? இன்னொன்றும் அவளுக்குப் புரிந்ததே இல்லை. அடித்ததுதான் அடித்தார், ஏன் ஒளிந்துகொண்டு அடித்தார்?

"மறக்கல" என்றாள் நிடியாவிடம். "ஆனா என் பாட்டு இன்னும் சாகல, கோமாத்ரே. உசுரோட இருக்கறத எப்படிப் பொதைக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கொட்டுகளைப் பிடுங்கி ஒரு மூலையில் குவித்தார்கள். பசுவின் கழுத்துமணியைக்கூட விடவில்லை. தெற்கு கேலரி இரும்புக் குழாய்களின்மேல் பலகை அடித்த மேடை. நிரம்பியபோது அது எப்போதும்போல் முனகியது. ஆட்டக்காரர்கள் வெளியே வந்ததும் புது ஸ்பீக்கர்கள் திறந்துகொண்டன. பளபளவென்று, சர்க்கரைப் பாகுபோல் ஒரு பாட்டு. அதில் கடல் என்ற சொல் இருந்தது, போசோ அஸுல் என்ற பெயர் இல்லை. கேலரி விசிலடித்தது. விசில் ஸ்பீக்கரில் கரைந்தது.

"நீஞா எதெல்! எழுப்புங்க!"

"எழுப்பு தாயே, இந்தப் பாகைக் கேட்டுச் சர்க்கரை நோயே வந்துரும் போல!"

எதெல்மிரா எழுந்தாள். துணியை உயர்த்தினாள். அவள் குரலில் இன்னும் பழுது வரவில்லை. முதல் வரியைக் கேலரி பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பாட்டுக்கு முதுகெலும்பு கொட்டு. நீண்ட வரிகளைக் கொட்டுதான் தூக்கி அடுத்த வரியில் கொண்டு வைக்கும். இன்று தூக்க ஆளில்லை. ஒரு பக்கம் முந்தியது, மறுபக்கம் பிந்தியது. நடுவில் ஸ்பீக்கர் புகுந்தது. நண்டு வரும் இடத்தில் ஆளுக்கொரு நேரத்தில் கைகள் உயர்ந்தன. அவள் மறுபடி எழுப்பினாள், மறுபடியும் சரிந்தது. எதிரே கண்ணாடி அறையில் உமாஞாவின் கோட்டு தெரிந்தது. ஒலி இன்னும் கூடியது.

அப்போது கீழ்ப்படியில் யுலெய்சி எழுந்து இரண்டு முறை பலகையை மிதித்துக் கத்தினாள்:

"கேட்டைப் பூட்டிட்டான், போவீங்களா?"

"உஷ்! நீஞா நிக்கறாங்க, தெரியல?" என்றான் ஒருவன். "உக்காருடி, மரியாதை இல்லாம" என்றாள் இன்னொருத்தி. யுலெய்சியின் தோழிகள் நாலைந்து பேர் மட்டும் ஏதோ முணுமுணுத்தார்கள். மற்ற ஆயிரம் முகங்களும் எதெல்மிராவின் துணியையே பார்த்திருந்தன.

அந்த நாலைந்து பேரின் முணுமுணுப்பு எதெல்மிராவின் காதில் விழுந்தது. ஒற்றைச் சொல்தான். 'மாட்டோம்.' கேள்வி, மிதி, மாட்டோம். கேள்வி, மிதி, மாட்டோம். அதில் தூக்க வேண்டிய நீள வரி இல்லை. கொட்டு வேண்டாம், பலகையே போதும். இந்த ஸ்பீக்கரை உடைக்கக்கூடிய பாட்டு இது ஒன்றுதான். தையல் மெஷின் என்று அவள் ஏளனம் செய்த பாட்டு.

அது எழாமல் தடுத்துக்கொண்டிருந்தது ஸ்பீக்கர் இல்லை. அவள் கையிலிருந்த துணி.

சைகை காட்டி அந்தப் பெண்ணை எழுப்பச் சொன்னால்? சொல்லலாம். அப்போது எல்லாரும் நீஞா எதெல் அனுமதித்த பாட்டு என்று, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடுவார்கள். அடுத்த ஞாயிறும் அவள் தலையசைப்புக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பெண்ணின் பாட்டு அந்தப் பெண்ணுடையதாகவே ஆகாது. தோன் அர்செலியோ ட்ரம்பெட்டோடு எழுந்து நின்றிருந்தால் அன்று கேலரி போர்ரோவுக்குத்தானே காத்திருந்திருக்கும்? இத்தனை வருடம் புரியாத ஒன்று, நெருக்கியடித்த அந்தக் கூட்டத்தின் நடுவில், வியர்வை கண்ணில் வழிய, எதெல்மிராவுக்குப் புரிந்தது.

அவள் துணியைச் சுருட்டிக் கழுத்தில் போட்டாள்.

"எங்க போறீங்க, நீஞா?"

"ஒண்ணுக்கு."

"இப்பவா? ஆட்டம் தொடங்கறப்பவா?"

"வயசானா அது ஆட்டம் பாத்தா வருது? வழிய விடுடா!"

கேலரியின் பின்படிகளில் இறங்கி, யாரும் பார்க்காத பக்கம் திரும்பி, பலகைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். கீழே சதுப்பு நீர் கணுக்கால்வரை நின்றது. மூத்திர நாற்றம். தலைக்குமேல் ஆயிரம் கால்களின் நிழல், நடுவே கீற்றுக் கீற்றாக வெளிச்சம். கேலரியைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்றின் அருகில் பழைய குழாய்த் துண்டு கிடந்தது. சேற்றிலிருந்து அதை உருவினாள். கார்மென் மாதாவை மனதில் நினைத்துக்கொண்டாள்.

மேலே யுலெய்சியின் குரல் மறுபடி ஒலித்தது. இந்த முறை தயங்கியது. "கேட்டைப் பூட்டிட்டான்..."

எதெல்மிரா குழாயை இரு கைகளாலும் ஓங்கித் தூணில் அடித்தாள். இரண்டு அடி. இரும்பு வழியே அது கேலரி முழுக்க ஏறியது.

மேலே கால்கள் அசையாமல் நின்றன.

"...போவீங்களா?"

இரண்டு அடி.

"மாட்டோம்!" என்றது ஒரு நூறு குரல்.

"எவன்டா அடிக்கறான்?" "கேலரியே அடிக்குதுடா!" "மிதிங்கடா, மிதிங்க!"

"கொட்டைப் புடுங்கிட்டான், அழுவீங்களா?"

"மாட்டோம்!"

"பேரை அழிச்சிட்டான், மறப்பீங்களா?"

"மாட்டோம்!"

துரு உதிர்ந்து அவள் தலையிலும் தோளிலும் கொட்டியது. உள்ளங்கை எரிந்தது. வேகம் கூடக்கூட அவளும் கூட்டினாள். தன் சம்பேத்தாவின் தாளம் கைக்குள் புகப் பார்த்தது. அதைத் தள்ளிவிட்டு அந்தப் பெண்ணின் தாளத்தையே அடித்தாள். மேலே கால்கள் ஒன்றாக விழத் தொடங்கின. முதலில் ஒரு பக்கம், பிறகு எல்லாப் பக்கமும். ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

ஓர் அடியை அடிக்காமல் விட்டுப் பார்த்தாள். மிதி விழுந்தது. இன்னொன்றையும் விட்டாள். விழுந்தது.

குழாயைச் சத்தம் வராமல் சேற்றில் கிடத்தினாள். துரு படிந்த கையால் சிலுவை வரைந்துகொண்டு, "இளைப்பாறுங்க, தோன் அர்செலியோ" என்றாள். மேலே போன சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் போகாமல், அலையாத்திக் காட்டுப் பக்கமாகத் தண்ணீரில் நடந்து வெளியேறினாள்.